குசினிக்குள் வந்த கமரா

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்குத் தொலைக்காட்சிச் சமையலா என்று சிலர் முகம் சுழிக்கக்கூடும். செயலாளரே என்னிடம் இரண்டு தரம் கேட்டார், "ரீச்சர், வேறு தலைப்பு ஏதும் இல்லையோ?" என்று. நான் மனையியல் படிப்பித்தே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு பின்னேரங்களில் சமையல் நிகழ்ச்சி பார்க்கிறேன். பார்த்துவிட்டு எழுந்துபோய் அதைச் சமைப்பதில்லை. சும்மா பார்க்கிறேன். இந்த மண்டபத்தில் என்னைப் போல் பலர் இருக்கிறீர்கள். தேநீர் நேரத்தில் நீங்கள் கதைத்ததெல்லாம் என் காதிலும் விழுந்தது.

"சமைக்காவிட்டால் பிறகு ஏன் பார்க்கிறியள்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜூலியா சைல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவருடைய பழைய நிகழ்ச்சிகளை இப்போது கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். அவருக்கும் எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1944 இல், அமெரிக்க உளவுச் சேவையின் அலுவலகத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக அவர் கண்டிக்கு வந்தார். மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் அப்போது பேராதனையில் இருந்தது. பிற்காலத்தில் அவருடைய கணவரான போல் சைல்டை அவர் சந்தித்ததும் கண்டியில்தான். போலுக்கு நல்ல சாப்பாட்டில் நாட்டம். ஜூலியாவுக்கோ அந்த நாளில் சமைக்கவே தெரியாது. 1949 இல், முப்பத்தேழு வயதில், பரிஸ் நகரத்துச் சமையற் பள்ளியில் சேர்ந்து படித்தார். முப்பது வயதுக்குப் பிறகு புதிதாக ஒன்றைப் படிக்க இயலாது என்று சொல்லும் தங்கைமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு சேர்ந்து அவர் எழுதிய சமையற் புத்தகம் 1961 இல் வந்தது. அடுத்த வருடம் பொஸ்ரன் தொலைக்காட்சியில், புத்தகங்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார்கள். மற்ற எழுத்தாளர்கள் புத்தகத்தோடு போவார்கள். இவர் ஒரு மின்னடுப்பையும் முட்டைகளையும் கொண்டுபோய் அங்கேயே ஒம்லெற் போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் கடிதம் எழுதினார்கள், இந்த அம்மாவை மறுபடியும் கொண்டுவாருங்கள் என்று. 1963 பெப்ரவரி 11 அன்று அவருடைய சொந்த நிகழ்ச்சி தொடங்கியது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. ஆறடி இரண்டங்குல உயரம், ஏறி இறங்கும் குரல். தொலைக்காட்சிக்கு ஏற்ற முகம் என்று இன்றைக்கு யாரும் தேர்ந்தெடுப்பார்களோ தெரியாது.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒளிப்பதிவு நாடாவை வெட்டி ஒட்டுவது செலவான வேலை. அதனால் அரை மணி நேர நிகழ்ச்சியைக் கூடியமட்டும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்தார்கள். பிழைத்தால் பிழைத்ததுதான். ஒரு நாள் உருளைக்கிழங்கு அடை ஒன்றைத் தாச்சியோடு தூக்கிப் புரட்டிப் போட்டார். பாதி தாச்சிக்குள்ளும் பாதி அடுப்பு மேடையிலும் விழுந்தது. அவர் பதறவில்லை. விழுந்ததை எடுத்துத் தாச்சிக்குள் வைத்து அமத்தினார். குசினிக்குள் தனியாகத்தானே நிற்கிறீர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டார். பார்த்துக்கொண்டிருந்ததோ ஒரு நாடு!

பிறகு அந்தக் கதை வளர்ந்தது. அடை கோழியாக மாறி, கோழி வான்கோழியாக மாறி, அவர் அதை நிலத்தில் போட்டுத் துடைத்துப் பரிமாறினார் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விழுந்தது உருளைக்கிழங்கு, அதுவும் மேடையில்தான். ஆனால் சனங்கள் அந்தக் கதையை ஏன் அவ்வளவு ஆசையோடு வளர்த்தார்கள் என்பது எனக்கு விளங்குகிறது.

எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். விருந்தினர் கை கழுவிவிட்டு வந்து உட்காரவில்லை, அதற்குள் அம்மா தொடங்கிவிடுவார்: "இண்டைக்குக் கறி சரிவரேல்லை, குறை நினைக்காதேங்கோ." கறி அமிர்தமாக இருக்கும். இருந்தாலும் அந்த வசனம் சொல்லியே ஆகவேண்டும். உப்புக் கூடினால் கறியின் குற்றமாகப் பார்க்காமல் பெண்ணின் குற்றமாகப் பார்த்த வீடுகள் எத்தனை! புதுமணப் பெண் வைத்த முதற் சொதியை மாமியார் வீடு முழுவதும் கூடியிருந்து ருசி பார்த்த கதைகள் உங்களிடமும் இருக்கும். சாப்பாட்டுக்காக ஒருநாளும் மன்னிப்புக் கேட்காதீர்கள் என்பது ஜூலியா சைல்டின் கொள்கை. அதை எங்கள் அம்மாமார் கேட்டிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் டெலியா ஸ்மித் என்பவர் 1998 இல் தொடங்கிய தொடரில் முட்டை அவிப்பது எப்படி என்று காட்டினார். பெரிய சமையற்காரர்கள் சிலர் நகைத்தார்கள், இதையும் படிப்பிக்க வேண்டுமா என்று. வேண்டும். நான் முப்பத்தைந்து பிள்ளைகள் இருந்த வகுப்பில் நின்றவள். தண்ணீர் கொதித்துவிட்டதா, சூடுதான் ஏறியிருக்கிறதா என்று தெரியாத பிள்ளை எல்லா வருடமும் இருந்தாள். தனக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரியும் என்று நினைப்பவர் நல்ல ஆசிரியர் அல்ல.

எங்கள் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது நினைவிருக்கும். அதே வருடம் பிபிசியில் மதுர் ஜாஃப்ரி என்ற நடிகை இந்தியச் சமையலைக் காட்டத் தொடங்கினார். நாடகம் படிக்க டில்லியிலிருந்து இலண்டனுக்குப் போனபோது அவருக்கும் சமைக்கத் தெரியாது. தாயார் கடிதத்தில் எழுதி அனுப்பிய குறிப்புகளைப் பார்த்துத்தான் பழகினார். புலம்பெயர்ந்த தங்கைமாருக்கு இதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நீலக் கடிதத்தாளின் மடிப்பில் "பழப்புளி கொஞ்சம்" என்று எழுதிய எழுத்தை நம்பிச் சமைத்தவர்கள் நீங்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்றுதான் எந்த அம்மாவும் எழுதவில்லை.

போட்டி நிகழ்ச்சிகளில் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. மணிக்கூடு ஓடுகிறது, மேளம் அடிக்கிறது, மூன்று பேர் கரண்டியோடு நின்று தீர்ப்புச் சொல்கிறார்கள். மாமியார் வீட்டு ருசி பார்ப்பு மாதிரி! ஆனாலும் 2021 இல் மாஸ்டர் செஃப் அவுஸ்திரேலியாவின் இறுதிச் சுற்றில், மெல்பேணில் வாழும் வங்காளப் பெண் கிஷ்வர் சௌத்ரி, தண்ணீர் விட்ட சோறும் உருளைக்கிழங்கு மசியலும் மீனும் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பழஞ்சோற்றின் கூடப்பிறந்தது அது. அவருக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. பரவாயில்லை.

விஜய் தொலைக்காட்சியின் 'குக்கு வித் கோமாளி' 2019 நவம்பரில் தொடங்கியபோது, இதென்ன கூத்து என்றுதான் நினைத்தேன். சமைக்கத் தெரிந்தவருக்குத் துணையாக ஒன்றும் தெரியாத ஒரு கோமாளி. உள்ளி உரிக்கச் சொன்னால் வெங்காயம் வருகிறது. ஊரடங்கு நாட்களில், குசினிப் பக்கமே வராத எங்கள் வீட்டு ஆம்பிளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக இருந்தும் அங்கே யாருக்கும் பயமில்லை. குழம்பு பிழைத்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள், சமைத்தவரும் சிரிக்கிறார். எங்கள் சமூகத்தில் ஒரு கறி பிழைத்து எல்லோரும் சேர்ந்து சிரித்ததை நான் அதற்கு முன் அதிகம் கண்டதில்லை.

இப்போது எங்கள் குசினிக்குள்ளும் கமரா வந்துவிட்டது. என்னோடு படித்த தோழி ஒருத்தி, ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் ஒடியற் கூழ் காய்ச்சிக் காட்டினாள். மீன் தலை, நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் அவிந்து வருகிறது. ஊறவைத்துக் கசப்புப் போக்கிய ஒடியல் மாவை விட்டதும் கட்டி பட்டுவிட்டது. உடனே தொலைபேசியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். மகள் ஐந்து நிமிடம் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மறுபடி திருப்பியபோது கூழ் வழுவழுவென்று இருந்தது. "அம்மா, அந்த அஞ்சு நிமிசம் என்ன செய்தனீங்கள்? எனக்கு ஒவ்வொரு முறையும் கட்டி படுகிறது அந்த இடத்தில்தான்" என்று கேட்டாளாம் பிள்ளை. தாய் சொல்லவில்லை. அவள் பிறகு எனக்கு எடுத்துக் கேட்டாள்.

பிள்ளைக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அடுப்பைத் தணித்துவிட்டு, கட்டிகளை அகப்பையால் பானையின் பக்கத்தோடு வைத்து நசித்து, ஒரு அகப்பை சூட்டுத் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். அவசரப்படாதீர்கள், கரையும்.

சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது போலிருக்கிறது. பரிமாறுகிற தங்கைமார் ஒருவரும் "கறி சரிவரேல்லை" என்று சொல்லக்கூடாது.