ஊரும் காவலும் – பிவண்டி சொல்லும் பாடம்

 

காவல் நிலையம் என்றதும் பலருக்கு முதலில் வருவது என்ன? பயம். "போலீஸ் ஸ்டேஷன் படியும் ஏறினதில்லை, கோர்ட்டுப் படியும் ஏறினதில்லை" என்று சொல்லிக்கொள்வதில் பெரியவர்களுக்கு ஒரு பெருமை. வீட்டில் திருட்டுப் போயிருக்கும். "போலீசுக்குப் போனால் வம்பு" என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1857-ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து வட இந்தியாவில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. வெள்ளையர் அதை அடக்கினார்கள். பிறகு 1861-இல் போலீஸ் சட்டம் கொண்டுவந்தார்கள். மக்களை அடக்கி வைப்பதே அன்றைய போலீசின் முதல் வேலை. மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அதற்கு இல்லை. நாடு விடுதலை அடைந்தது. ஆனால் காவலருக்கும் மக்களுக்கும் இடையே இருந்த தூரம் உடனே குறைந்துவிடவில்லை.

இந்தத் தூரத்தைக் குறைக்க முடியுமா? முடியும் என்று வடக்கே ஓர் ஊர் காட்டியது. அந்தத் தூரம் மறுபடி கூடினால் என்ன ஆகும் என்பதையும் அதே ஊர்தான் காட்டியது. அந்த ஊரின் பெயர் பிவண்டி.

தறி ஓடும் ஊர்

பிவண்டி மகாராஷ்டிர மாநிலத்தில் தானே மாவட்டத்தில் இருக்கிறது. மும்பைக்கு வடகிழக்கே உள்ளது. எந்தத் தெருவுக்குப் போனாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். உத்தரப்பிரதேசம், பீகார், ஆந்திரா, தெலங்கானா என்று பல இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே தறி ஓட்டுகிறார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 7 லட்சத்தைத் தாண்டியது. முஸ்லிம்களும் இந்துக்களும் பெருமளவில் வாழும் ஊர் அது. ஒருவர் நூல் கொடுப்பார். இன்னொருவர் நெய்வார். மற்றொருவர் துணியை வாங்குவார். ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் பிழைப்பு இல்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான் 1970-ஆம் ஆண்டு மே மாதம் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தின்போது கலவரம் வெடித்தது. பல உயிர்கள் போயின. வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதை விசாரிக்க நீதிபதி மதன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. காவல் துறையினர் சிலர் ஒரு பக்கம் சார்ந்து நடந்ததை அந்த ஆணையம் கண்டித்தது.

14 ஆண்டுகள் கழிந்தன. 1984-ஆம் ஆண்டு மே மாதம் மறுபடியும் கலவரம். பிவண்டி, தானே, மும்பை ஆகிய இடங்களில் 200-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். தறிகள் நின்றன. கூலி நின்றது. அடுப்பு அணைந்தது. பிவண்டி என்றாலே கலவர ஊர் என்ற கெட்ட பெயர் வந்தது.

தெருத் தெருவாகக் குழுக்கள்

1988-ஆம் ஆண்டு சுரேஷ் கோப்டே என்ற காவல் அதிகாரி பிவண்டிக்குத் துணை ஆணையராக வந்தார். கலவரம் மூண்ட பிறகு லத்தியோடு ஓடுவதில் பயனில்லை என்று அவர் கருதினார். கலவரம் மூளாமலே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன வழி?

அவர் மொஹல்லா குழுக்களை ஏற்படுத்தினார். மொஹல்லா என்றால் நம் ஊரில் பேட்டை, தெரு என்று சொல்கிறோமே, அதுதான். ஊர் முழுவதும் சுமார் 70 குழுக்கள் அமைந்தன. ஒவ்வொரு குழுவிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் சம அளவில் இருந்தார்கள். அந்தந்தப் பகுதியில் வாழும் சாதாரண மக்களே உறுப்பினர்கள். காவல் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து அவர்களோடு பேசினார்கள்.

இதில் புதுமை என்ன என்று சிலர் கேட்கலாம். அமைதிக் குழுக்கள் முன்பும் இருந்தன அல்லவா? இருந்தன. ஆனால் ஊர் எரிந்த பிறகுதான் அவை கூடும். பெரிய தலைவர்கள் மேடையில் கை குலுக்குவார்கள். படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மொஹல்லா குழு அப்படி அல்ல. ஊர் அமைதியாக இருக்கும்போதே அது கூடும். சின்னச் சின்ன விஷயங்களையே பேசும்.

எடுத்துக்காட்டாக, இரண்டு பையன்கள் பட்டம் விடும்போது அடித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் இந்து, ஒருவன் முஸ்லிம். பையன்களின் சண்டைக்குள் அப்பாக்கள் வருகிறார்கள். அப்பாக்களின் பின்னால் தெரு வருகிறது. மாலைக்குள் அது மதச் சண்டை ஆகிவிடுகிறது. குழு இருந்தால் என்ன நடக்கும்? இரு பக்கத்தாரும் வேண்டியவர் ஒருவர் குழுவில் இருப்பார். இரண்டு அப்பாக்களையும் உட்கார வைத்துப் பேசுவார். பையன்களின் சண்டை பையன்களின் சண்டையாகவே முடிந்துவிடும்.

கலவரத்துக்கு வதந்திதான் தீக்குச்சி. "அந்தத் தெருவில் நம் ஆளை வெட்டிவிட்டார்கள்" என்று ஒருவன் கத்திக்கொண்டு ஓடுகிறான். அந்த நேரத்தில் உண்மையை யாரிடம் கேட்பது? அந்தத் தெருவில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கேட்கலாம். "அப்படி ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்னால் நம்பலாம். காவலரின் பெயரும் முகமும் தெரிந்திருந்தால் அவரிடமும் கேட்கலாம். முன்பின் தெரியாதவர் சொன்னால் யார் நம்புவார்கள்? தீ பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது. பழக்கமும் அப்படித்தான். அது முன்பே இருக்க வேண்டும்.

சோதனை வந்தது

1992-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளில் கலவரம் மூண்டது. மும்பையில் அந்த டிசம்பரிலும் 1993 ஜனவரியிலுமாகச் சுமார் 900 பேர் உயிரிழந்தார்கள். இது நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கொடுத்த கணக்கு.

அடுத்து எரியப்போவது பிவண்டிதான் என்று எல்லோரும் பயந்தார்கள். மும்பை பக்கத்தில்தான் இருக்கிறது. 1970-இன் வடுவும் 1984-இன் வடுவும் இன்னும் ஆறவில்லை. ஆனால் பிவண்டி எரியவில்லை. தெருக் குழுக்களும் காவல் துறையும் சேர்ந்து ஊரைக் காத்தன.

இந்தச் செய்தி நாடெங்கும் பரவியது. பிறகு மும்பையிலும் மொஹல்லா குழுக்கள் தொடங்கப்பட்டன. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ, சமூக சேவகி சுஷோபா பார்வே ஆகியோர் அதற்காகப் பாடுபட்டார்கள். அப்போது மும்பைக் காவல் ஆணையராக இருந்த சதீஷ் சாஹ்னி துணை நின்றார்.

அசுதோஷ் வார்ஷ்ணே என்ற ஆராய்ச்சியாளர் இந்திய நகரங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 2002-இல் ஒரு நூல் வெளியிட்டார். அலிகாரையும் கோழிக்கோட்டையும் ஒப்பிட்டார். இரண்டு ஊர்களிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வாழ்கிறார்கள். அலிகாரில் கலவரம் அடிக்கடி வந்தது. கோழிக்கோட்டில் வரவில்லை. காரணம் என்ன? கோழிக்கோட்டில் தொழிற்சங்கம், வியாபாரிகள் சங்கம் போன்றவற்றில் இரு சமயத்தாரும் ஒன்றாக இருந்தார்கள். பிவண்டியில் அப்படிப்பட்ட உறவைக் காவல் துறையே முயன்று உண்டாக்கியது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

கதை அங்கே முடியவில்லை

நண்பர்களே! இத்தோடு பேச்சை முடித்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும்.

2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிவண்டியில் புதிய காவல் நிலையம் கட்டும் வேலை தொடங்கியது. பக்கத்தில் கபரஸ்தான் இருந்தது. அந்த நிலம் பற்றித் தகராறு எழுந்தது. கட்டக் கூடாது என்று கூட்டம் கூடியது. கல் வீச்சு நடந்தது. காவலர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகு கோபம் கொண்ட ஒரு கூட்டம் இரண்டு காவலர்களைக் கொன்றது.

நான்கு உயிர்கள்! நான்கு வீடுகளில் அழுகை! எதற்காக வந்த சண்டை? காவல் நிலையம் கட்டுவதற்காக வந்த சண்டை. மக்களைக் காப்பதற்காகக் கட்டும் கட்டடம் மக்களுக்குப் பகையாகத் தெரிந்தது. முன்பு இருந்த மொஹல்லா குழுக்களின் வேகம் அந்தக் காலத்தில் குறைந்துபோயிருந்தது என்று பலர் சுட்டிக்காட்டினார்கள்.

அதிகாரிகள் மாறுவார்கள். அது அரசாங்க வேலை. ஆனால் குழுவும் அவரோடு மாற்றலாகிப் போய்விடக் கூடாது. தறி இருந்தும் ஓட்டாமல் விட்டால் துருப்பிடிக்கும். குழுவும் அப்படித்தான். கூட வேண்டிய நாளில் கூடாவிட்டால் பெயர்ப் பலகை மட்டுமே மிஞ்சும்.

குழு செய்யக் கூடாதவை

குழு நல்லதுதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

குழு உறுப்பினர் உளவாளி அல்ல. அண்டை வீட்டைப் பற்றிக் கோள் சொல்வது அவர் வேலை அல்ல.

குழு உறுப்பினர் தரகர் அல்ல. "ஸ்டேஷனில் எனக்கு ஆள் தெரியும், பணம் கொடு" என்பவரை முதலில் நீக்க வேண்டும்.

குழு ஒரு கோர்ட் அல்ல. அபராதம் போடவோ, தண்டிக்கவோ, ஊரை விட்டு விலக்கவோ அதற்கு உரிமை இல்லை.

எல்லாவற்றையும் பேசி முடித்துவிடவும் கூடாது. பெண்ணைக் கெடுத்தவனோடு சமாதானம் பேசக் கூடாது. வரதட்சிணைக் கொடுமையையும், தாழ்த்தப்பட்டோர் மீது நடக்கும் கொடுமையையும் மூடி மறைக்கக் கூடாது. அவை சட்டப்படி நடக்க வேண்டிய வழக்குகள். அங்கே குழுவின் வேலை ஒன்றே ஒன்று. பாதிக்கப்பட்டவரோடு காவல் நிலையம் வரை துணைக்குப் போக வேண்டும்.

குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். தெருவின் கடைசி வீட்டுக்காரரும் இருக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் மட்டும் கூடினால் அது ஊர்க் குழு ஆகாது.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

பயம் போக வேண்டுமானால் உரிமை தெரிய வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. அதில் உள்ள சில செய்திகள் இவை.

பெருங்குற்றம் பற்றிய புகாரை வாயால் சொன்னாலும் போதும். காவல் நிலையத்தில் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே கையெழுத்து.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை அல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

புகாரை ஏற்க மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

சாட்சி விசாரணைக்காகப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த பையன்களுக்கும் 60 வயதைத் தாண்டிய முதியவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

தாய்மார்களே, பெரியோர்களே! "படித்துக் காட்ட வேண்டும்" என்று சட்டம் சொல்கிறது. ஒரு காலத்தில் மற்றவர் படித்ததைக் கேட்டுவிட்டு, மை தடவிக் கைநாட்டு வைத்தவர்கள் பலர் இந்த மையத்திலேயே இருக்கிறார்கள். இன்று அந்தத் தாளைக் கையில் வாங்கித் தாமே படிக்க அவர்களால் முடியும். "ஐயா, இந்த வரி நான் சொன்னது அல்ல" என்று நிமிர்ந்து சொல்லவும் முடியும். எழுத்துக் கற்றதன் பயன் அதுதான்.

பயந்து ஒதுங்கி நின்றால் காவல் நிலையம் தூரமாகவே இருக்கும். எந்த வேலையும் இல்லாத ஒரு நல்ல நாளில், நாலு பேராகச் சேர்ந்து அங்கே போய் வணக்கம் சொல்லி வாருங்கள். உங்கள் பகுதிக் காவலரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயர்களையும் சொல்லுங்கள். பிவண்டியில் 1988-க்குப் பிறகு நடந்த வேலை இப்படி ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டதுதான். 2006-இல் குறைந்துபோயிருந்ததும் அதுதான்.

கலந்து பேசுங்கள்

1. பிவண்டியில் 1992-இல் கலவரம் வராததற்கு என்ன காரணம்?
2. 2006-இல் என்ன நடந்தது? ஏன்?
3. எந்தெந்தப் புகார்களைக் குழுவில் பேசி முடிக்கக் கூடாது?
4. உங்கள் பகுதிக் காவல் நிலையம் எங்கே உள்ளது? அங்கே உங்களுக்கு யாரைத் தெரியும்?