கடிவாளம் பிடித்த கை



அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில் ஆண்டுதோறும் கூடுகிறோம். வெண்மணியைப் பேசியிருக்கிறோம், மேலவளவையும் தாமிரபரணியையும் பேசியிருக்கிறோம். வன்கொடுமைகளின் தேதிகளும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் நமக்கு மனப்பாடம். அது வேண்டும், அதில் ஒன்றைக்கூட விட்டுவிட முடியாது. ஆனால் நம் சேரிக்குள் ஒருவருக்கு இன்னொருவர் செய்த உதவியை நாம் எங்கே எழுதிவைத்திருக்கிறோம்? ஊர்த்தெருக்காரர் ஒருவர் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திருந்தால் அதை மூன்று தலைமுறைக்குச் சொல்கிறோம். தினமும் சோறு போட்ட பக்கத்து வீட்டு அத்தையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அண்ணலின் வாழ்விலிருந்தே ஒரு சம்பவம். தீண்டாமையால் தனக்கு நேர்ந்தவற்றை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் அவரே எழுதியிருக்கிறார். 1929ஆம் ஆண்டு. தீண்டத்தகாதோரின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசு அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். ஓர் ஊரில் சாதி இந்துக்கள் விதித்திருந்த சமூகப் புறக்கணிப்பை விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியில், சாலிஸ்காவ் மகார் மக்கள் ஓர் இரவு தங்கிப் போகச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். நேராகப் பம்பாய் போக நினைத்திருந்தவர் ஒப்புக்கொள்கிறார்.

ரயில் நிலையத்திலிருந்து சேரி சுமார் இரண்டு மைல் தூரம்தான். நடந்தே போய்விடலாம். ஆனால் ஒரு மணி நேரம் காக்கவைத்த பிறகே ஒரு குதிரைவண்டி வருகிறது. அண்ணல் ஏறிக்கொள்கிறார், அழைக்க வந்தவர்கள் குறுக்குவழியில் நடக்கிறார்கள். வண்டி இருநூறு தப்படி போவதற்குள் ஒரு மோட்டார் காரில் மோதப் பார்க்கிறது. அடுத்து, ஆற்றின் குறுக்கே கைப்பிடிச் சுவரில்லாத சிறு பாலம். குதிரை மிரண்டு திரும்ப, சக்கரம் ஓரக்கல்லில் அடித்து, அண்ணல் கல்தளத்தில் தூக்கி எறியப்படுகிறார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன. நினைவிழந்து கிடந்தவரைச் சேரி மக்கள் அழுதுகொண்டே தூக்கிப் போகிறார்கள். கால் முறிந்திருந்தது.

பிறகுதான் அவருக்கு உண்மை தெரிகிறது. தீண்டத்தகாதவருக்கு வண்டி ஓட்ட எந்த வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. விருந்தாளியை நடத்திக் கூட்டிப்போவது அவருடைய மரியாதைக்குக் குறைவு என்று மகார் மக்கள் நினைத்தார்கள். கடைசியில் ஒரு வண்டிக்காரர் வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார், ஓட்ட வர மறுத்துவிட்டார். வண்டியோட்டிப் பழக்கமே இல்லாத ஒருவர் அவர்களுக்குள்ளிருந்து ஏறி உட்கார்ந்தார்.

வண்டிக்காரர்கூட ஒரு பாரிஸ்டரைவிடத் தன்னை உயர்ந்தவராக நினைத்துக்கொள்ள முடிகிறது என்பதைக் காட்டவே அண்ணல் இதை எழுதினார். தன் மரியாதையைக் காக்கப் போய் உயிருக்கே ஆபத்தை வரவழைத்துவிட்டார்கள் என்ற வருத்தமும் அவர் எழுத்தில் உண்டு. நியாயமான வருத்தம். நாம் இன்னொன்றையும் பார்க்கிறோம். கடிவாளம் பிடித்த அந்த மனிதர் யார்? "எனக்கு ஓட்டத் தெரியாது" என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. அன்று இரவு அவர் எப்படித் தூங்கியிருப்பார்? நூலில் அவர் பெயர் இல்லை.

பரிவைப் பேசும்போது ஒன்றில் கவனம் வேண்டும். ஊர் முழுக்கப் பிரசவம் பார்த்த நம் பாட்டிகளை "நல்ல மனசுக்காரி" என்றார்கள். அவர் வெளியேறியதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். சாவுச் சேதி சொல்ல இரவெல்லாம் நடந்தவரை "விசுவாசமானவன்" என்றார்கள். அதெல்லாம் பரிவல்ல, ஊழியம். மறுத்திருந்தால் அடி விழுந்திருக்கும். மறுக்க முடிந்தும் மறுக்காமல் செய்தது எதுவோ, அதைத்தான் நாம் தேடுகிறோம். இரண்டையும் குழப்பினால் ஆண்டைகள் எழுதிய கதையைத்தான் நாமும் திருப்பி எழுதுவோம்.

நம்மில் பலர் ஆதிதிராவிடர் நல விடுதிச் சோற்றில் படித்தவர்கள். புழுத்த அரிசியையும் ஒழுகும் கூரையையும் எதிர்த்து மனுக்கொடுத்திருக்கிறோம், மறியல் செய்திருக்கிறோம். அந்த விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்த அம்மா, நம் அமைப்பின் தோழர் ஒருவருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கம்மலை அடகு வைத்தார். கடைசி நாள். அப்பாவுக்கு அறுப்புக் கூலி வரவில்லை. பையன் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டான். "காதுல இருந்தா என்ன, கடையில இருந்தா என்ன, போயி கட்டிட்டு வா" என்றாராம். அன்றைக்கும் வழக்கம்போல அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைத்திருந்தார்.

அவன் தேறினான், வேலைக்கும் போனான். கம்மலை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் விடுதிக்குப் போனான். அவர் வேலையிலிருந்து நின்று வெகுநாளாகியிருந்தது. புதிய காப்பாளருக்குத் தெரியவில்லை. விசாரிக்கப் பெயர் வேண்டுமே! நாங்கள் எல்லாரும் "ஆயா" என்றுதான் கூப்பிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சாலிஸ்காவ் மனிதரின் பெயரை எழுதவில்லை என்று அண்ணலிடம் கேட்க நமக்கு என்ன தகுதி?

மாணவ நண்பர்களே, கிராம ஆய்வுக்குப் போகும்போது உங்களிடம் ஒரு கேள்வித்தாள் இருக்கும். இரட்டைக் குவளை உண்டா, சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, கூலி எவ்வளவு. அதன் கீழே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கஷ்டத்தில் யார் வந்தார்கள்? "அதெல்லாம் ஒரு விஷயமா" என்பார்கள். விடாதீர்கள், முழுப்பெயரைக் கேட்டு எழுதுங்கள். நாங்கள் கேட்ட இடங்களில் இரண்டாவது முறை போனபோதுதான் பேசினார்கள்.

அந்த அம்மா இப்போது மகள் வீட்டில் இருப்பதாக, விடுதிக்குக் காய்கறி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மூலம் தகவல் கிடைத்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தோழரோடு நாங்கள் நான்கு பேர் போகிறோம். கம்மல் வாங்கியாகிவிட்டது.