மூணு நாள் தடிப்புதானே என்று விட்டுவிடாதீர்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பொறுப்பாளர் பேசியது)



கடன் விவரம் பேசி முடிச்சாச்சு. வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்கும். ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள்.

நான் போகிற ஒரு கிராமத்தில் நம் உறுப்பினர் ஒருவருடைய பெண் குழந்தை, கூப்பிட்டால் திரும்பாது. கண்ணிலும் பிறவியிலேயே புரை. "கிரகணத்தில வெளிய வந்தா, காய் நறுக்கினா" என்று மாமியார் இவரைத்தான் ஏசினார். ஒரு வருஷம் இவர் குழுக் கூட்டத்துக்கே வரவில்லை. அப்புறம் உட்கார்ந்து பேசும்போதுதான் தெரிந்தது: இரண்டாம் மாசத்தில் நாத்தனார் பையனுக்கும், பின்னாலேயே இவருக்கும் லேசான காய்ச்சல், மேலெல்லாம் சிவப்புத் தடிப்பு. மூணு நாளில் அடங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அது ரூபெல்லாவாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ரூபெல்லா இருமல், தும்மலில் பரவும் வைரஸ். சிலருக்குத் தடிப்பே தெரியாது. தாய்க்குப் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் நஞ்சு வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். முதல் மூணு மாசம்தான் கண், காது, இருதயம் உருவாகிற நேரம். அப்போது தாக்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதிப்பு வரும், கருவும் கலையலாம். நாலாம் மாசத்தில் முக்கியமாகக் காது போகும். அஞ்சு மாசம் தாண்டினால் ஆபத்து மிகவும் குறைவு.

இதை 1941இல் ஆஸ்திரேலியாவில் கிரெக் என்ற கண் டாக்டர்தான் முதலில் எடுத்துச் சொன்னார். அவருடைய மருத்துவமனையில் காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்துதான் அவருக்குப் பொறி தட்டியது என்பார்கள். நாம் பேசிக்கொள்வது வீண் பேச்சில்லை, பாருங்கள்!

வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. வராமல் தடுக்க ஊசி உண்டு. 2017இல் நம் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, அதுதான். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையை அன்று பள்ளிக்கே அனுப்பாதவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தப் பெண்கள்தான் இப்போது கல்யாண வயசில் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். போட்டபின் ஒரு மாசம் கரு தரிக்கக்கூடாது. கர்ப்பத்தில் இந்த ஊசி போடவே கூடாது. கைக்குழந்தைகளுக்கு 9 மாசம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயசையொட்டி இன்னொன்று.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் யாருக்குத் தடிப்பு வந்தாலும் வேப்பிலை கட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கே கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அந்தக் குழந்தைக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. காதுக்கு அலைந்துகொண்டிருக்கிறோம். தாய் போன மாசத்திலிருந்து கூட்டத்துக்கு வருகிறார். அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எல்லோரும் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.