பழகிக் கற்ற மொழி

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், இன்றைய ஐடஹோ மாநிலத்தில் லாப்வாய் என்று ஓர் இடம். அங்கே ஒரு மிஷனரி வீட்டில் 1837இல் பிறந்தவள் எலைசா ஸ்பால்டிங். நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களிடையே வளர்ந்தாள். அவர்கள் பேச்சு அவளுக்குத் தானாக வந்தது. நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டுத் தெலுங்கைப் பிடித்துக்கொள்வதில்லையா? அப்படித்தான்.

பத்து வயதில், படிப்பதற்காக வேறொரு மிஷன் நிலையத்துக்குப் போயிருந்தாள். அங்கே தட்டம்மை பரவி, கேயூஸ் பழங்குடிப் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். கேயூஸ் மக்களின் துயரமும் கோபமும் அந்த நிலையத்தின் மீது தாக்குதலாக வெடித்தன. நிலையத்தில் உயிர் பிழைத்தவர்கள் சிறைப்பட்டார்கள். கேயூஸ் மக்களுக்கும் நெஸ் பெர்ஸ் மொழி தெரியும் என்பதால், அப்போது இரு தரப்புக்கும் இடையே பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னது இந்தச் சிறுமிதான்!

பழகிக் கற்ற மொழி. ஆபத்தில் கைகொடுத்த மொழி. பெற்றோர்களே, பிள்ளைகளை அக்கம்பக்கத்தாரோடு பழக விடுங்கள்.