மேடையும் நடுக்கமும்

பியானோ மேதை விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை, 12 வருஷங்கள் கச்சேரி மேடையே ஏறவில்லை. உடல்நலக் குறைவும் காரணம். மேடை பயமும் அவருக்கு நெடுநாள் உண்டு. பெயர் பெருகப் பெருக, 'நான் சறுக்கலாமா?' என்ற எண்ணமும் வளரும் போலிருக்கிறது. உடனே அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், விரல்கள் ஜில்லிடும். விலங்கியல் பட்டதாரியான எனக்கு இதெல்லாம் படித்த பாடம்தான்!

ஆனாலும் நவராத்திரியில் வயலின் வாசிக்கத் தயங்கிய பேத்தியிடம், "நம்மாத்துப் பேரைக் கெடுத்துடாதே" என்று சொல்லிவிட்டேன். வில் பிடித்த கை நடுங்கியது. பாதியில் எழுந்து போய்விட்டாள். இரண்டு வருஷம் வயலின் பெட்டியைத் திறக்கவில்லை.

போன மாதம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "தாத்தா, நீங்க எதிர்ல உட்காராம இருந்தா வாசிக்கறேன்" என்றாள். இப்போது சமையலறையில் உட்கார்ந்து கேட்கிறேன்.