கல்லான மரத்தின் பெயர்



திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர் ‘திந்திரிணி வனம்’ என்பதன் மரூஉ என்பர். திந்திரிணி என்பது புளியமரம். புளியங்காடு மறைந்துவிட்டது, பெயர் அதன் செய்தியைச் சுமந்து நிற்கிறது. மரத்துக்கும் பெயருக்கும் உள்ள இத்தொடர்பைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரை, வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்றது. அவ்வூரை அடுத்துள்ள மேட்டு நிலத்தில் கல்மரங்கள் கிடக்கின்றன. திருமால் வதைத்த வக்கிராசுரனின் எலும்புகள் அவை என்பது ஊரார் வழிவழியாகக் கூறும் கதை. நிலவியல் அறிஞரோ, அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் என்பர். கிளையும் இலையும் வேருமின்றி அடிமரங்களே கிடத்தலால், வெள்ளம் அவற்றை அடித்துக் கொணர்ந்து மணலில் புதைத்திருத்தல் வேண்டும். மணலினூடே கசிந்த நீரிலிருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் படிந்து, அதன் அமைப்புக் கெடாமலே கல்லாக்கிற்று.

இவற்றுள் ஒன்று ஊசியிலை இனத்தைச் சேர்ந்தது. இலையும் காயும் கிடைக்காத மரத்துக்குப் பெயரிடுவது எங்ஙனம்? கல்லை ஒளி ஊடுருவுமளவு மெல்லியதாகத் தேய்த்து, நுண்பெருக்கியில் வைத்து நோக்குவர். பூக்கும் மரங்கள் பெரும்பாலானவற்றின் கட்டையில் காணும் நீர்க்குழல்கள் ஊசியிலை மரங்களில் இரா. பைன் மரத்தில் பிசின் குழல்கள் உண்டு. பொடோகார்ப்பஸ் குடும்பத்தில் அவையும் இல்லை. இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே மரத்தின் உறவு துணியப்படும்.

உயிரணுக் கொள்கையால் நம் பாடநூல்களில் இடம்பெற்ற ஜெர்மானியர் ஷ்லைடன், 1855இல் இம்மரத்துக்குப் ‘பியூசி ஷ்மிடியானா’ என்று பெயரிட்டார். பியூசி என்பது பைன் மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 1931இல் நம் நாட்டுப் பேரறிஞர் பீர்பால் சாஹ்னி அதனை ‘மெசெம்பிரியாக்சிலான் ஷ்மிடியானம்’ என மாற்றினார். கேம்பிரிட்ஜில் அவருக்கு ஆசிரியராயிருந்த சீவார்டு 1919இல் வகுத்த பேரினப் பெயர் அது. ‘தென்திசை மரம்’ என்று பொருள்படும். வடபுலத்துப் பைனாகக் கருதப்பட்டது, தென்புலத்துப் பொடோகார்ப்பஸ் வகையாருக்கு உறவாயிற்று. ஆயினும் முதலில் பெயரிட்டவர் தந்த அடைமொழி அழியவில்லை. தாவரப் பெயரீட்டின் அறம் அத்தகையது.

அக்குடும்பத்தைச் சேர்ந்த மரம் ஒன்று இன்றும் நம் அகத்தியமலைக் காடுகளில் என்றும் பசுமையாய் நிற்கிறது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை இனம் அது ஒன்றே. அதன் இலையோ அகன்றது! அகன்ற இலை என்று பொருள்படவே வாலிச் என்பார் 1830இல் அதற்கு ‘பொடோகார்ப்பஸ் லாட்டிஃபோலியஸ்’ என்று பெயர் வைத்தார். அப்பெயர் முன்பே ஓர் ஆப்பிரிக்க மரத்துக்கு உரியதாயிருந்தது. ஆகவே பின்வந்தோர் வாலிச்சின் பெயரையே மரத்துக்குச் சூட்டினர். இன்று அது ‘நேஜியா வாலிச்சியானா’.

‘வாயில் நுழையாத இப்பெயர்கள் எதற்கு ஐயா?’ என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. ஒரு மரம் யாருக்கு உறவு, முன்னோர் அதனை எவ்வாறு அறிந்தனர், பின்னோர் எங்கே திருத்தினர் என்பவற்றையெல்லாம் இரு சொற்களில் அடக்குவதற்கே என்பேன்.

அவ்வாறு திருத்துவதற்குச் சான்றாக எஞ்சியிருப்பது கல் ஒன்றுதான். திருவக்கரைக்குச் செல்வோர் சிலர், நினைவுப் பொருளென்று கல்மரச் சில்லுகளைப் பெயர்த்துச் செல்ல விழைகின்றனர். ஒவ்வொரு சில்லும், இனிப் பிறக்கப்போகும் ஒரு சாஹ்னி படிக்க வேண்டிய ஏடு. கண்டு மகிழுங்கள், குழந்தைகளுக்குக் காட்டுங்கள், கல்லை அதன் இடத்திலேயே விட்டு வாருங்கள்.