மேற்கு வர்ஜீனியா: ஒரு மாநிலம் பிறக்க யார் சம்மதிக்கணும்?

(மாநில உரிமைகள் குறித்த கட்சிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கணும்னா யாருடைய சம்மதம் வேணும்? நம்ம அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவைப் பாருங்க. குடியரசுத் தலைவர் மசோதாவை அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்து கேட்பார். அவ்வளவுதான். 2014 ஜனவரியில் ஆந்திர சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. தெலங்கானா மக்களின் கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பேசுவது வழிமுறையைப் பற்றி.

அமெரிக்காவில் அப்படி முடியாது. தாய் மாநிலச் சட்டமன்றம் சம்மதிச்சே ஆகணும். அப்படின்னா, தாய் மாநிலமே நாட்டை விட்டு வெளியேறிப் போர் நடத்திக்கிட்டு இருந்தால்? 1861-ல் வர்ஜீனியாவில் இதுதான் நடந்தது.

ஏப்ரல் 17 அன்று ரிச்மண்ட் நகரில் கூடிய மாநாடு, ஒன்றியத்திலிருந்து விலக முடிவெடுத்தது. ஆதரவு 88, எதிர்ப்பு 55. மலைக்கு மேற்கே இருந்து வந்த பிரதிநிதிகளில் பெரும்பாலோர் எதிர்த்தவர்கள். அவங்க கோபம் அன்னைக்கு வந்ததில்லை தோழர்களே, பல பத்தாண்டுக் கோபம். கிழக்கே பெரும் பண்ணையார்கள், மேற்கே சிறு விவசாயிகள். 1851 அரசியல் சட்டப்படி ஓர் அடிமைக்கு 300 டாலர் மதிப்பு வைத்துத்தான் வரி, சந்தையில் எவ்வளவு விலை போனாலும் சரி. 12 வயதுக்குக் கீழ் என்றால் வரியே கிடையாது. ஆனால் மேற்கத்திய விவசாயியின் நிலத்துக்கும் மாட்டுக்கும் முழு மதிப்புக்கு வரி! ஆட்சி ரிச்மண்டில், பண்ணையார்கள் கையில்.

மேற்குப் பகுதியினர் வீலிங் நகரில் கூடினார்கள். ‘நாங்க பிரிகிறோம்’ என்று எடுத்த எடுப்பில் அறிவிக்கலை. அங்கதான் அவங்க சாமர்த்தியம். ‘ரிச்மண்டில் இருப்பவர்கள் துரோகிகள், அவர்கள் பதவிகள் காலி, இனி நாங்கதான் வர்ஜீனியா அரசு’ என்றார்கள். 1861 ஜூன் 20-ல் பிரான்சிஸ் பியர்பாண்ட் ஆளுநராகத் தேர்வானார். ஒன்றிய அரசும் இந்த அரசை ஏற்றுக்கொண்டது. பிறகு இதே அரசின் சட்டமன்றம், 1862 மே 13-ல், தன் மாநிலத்தைப் பிரிக்கத் தானே சம்மதம் கொடுத்தது!

சிரிப்பு வருது இல்லையா? அன்றைக்கும் பலர் சிரித்தார்கள். லிங்கன் தன் அமைச்சர்கள் ஆறு பேரிடம் எழுத்தில் கருத்து கேட்டார். மூன்று பேர் சரி, மூன்று பேர் தவறு. அரசின் தலைமை வழக்கறிஞரே தவறு என்றார். கடைசியில், அரசியல் சட்டத்தை எதிர்த்துப் பிரிவது வேறு, அதைக் காக்கப் பிரிவது வேறு என்று சொல்லி 1862 டிசம்பர் 31-ல் லிங்கன் கையெழுத்திட்டார். 1863 ஜூன் 20, மேற்கு வர்ஜீனியா 35-வது மாநிலம்.

மக்கள் என்ன சொன்னார்கள்? 1861 அக்டோபர் வாக்கெடுப்பில் ஆதரவு 18,408, எதிர்ப்பு வெறும் 781. இந்தக் கணக்கைப் பார்த்து நாம ஏமாறக் கூடாது. போர்க்காலம், பலர் வாக்களிக்கவே வரலை. அன்றைய வர்ஜீனியாவில் ரகசிய வாக்கும் கிடையாது, எல்லார் முன்னாடியும் வாய்விட்டுச் சொல்லணும். தெற்கு, கிழக்கு ஓரங்களில் சில மாவட்டங்கள் விலகலை ஆதரித்தவை, அவற்றையும் சேர்த்துத்தான் எல்லை போட்டார்கள். ஆனாலும் நான் வீலிங் பக்கம்தான். சம்மதம் வேணும்னு சட்டத்தில் எழுதியிருந்ததால்தான், அந்தச் சம்மதத்தை உருவாக்க அவங்க மாநாடு கூட்டி, வாக்கெடுப்பு நடத்தி, இரண்டு வருஷம் போராட வேண்டி வந்தது. அந்த வரி இல்லாம இருந்தா வாஷிங்டன் ஒரே நாளில் கோடு கிழிச்சிருக்கும்.

பழைய கடன் தனிக்கதை. பிரிந்த மாநிலத்தின் பங்காக 1.2 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி 1915-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கட்டி முடிந்தது 1939-ல்!

யாருமே சம்மதம் கேட்காத ஒரு கூட்டம் அங்கே இருந்தது. அந்த மண்ணில் சுமார் 18,000 அடிமைகள். முதலில் எழுதிய மாநில அரசியல் சட்டம் அவர்களை விடுவிக்கவே இல்லை. நாடாளுமன்றம் வற்புறுத்திய பிறகு ஒரு திருத்தம் வந்தது. 1863 ஜூலை 4-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு விடுதலை. 10 வயதுக்குள் இருப்பவருக்கு 21 வயதில். 10-க்கு மேல் 21-க்குள் இருந்தால் 25 வயதில். 21-ஐத் தாண்டியவருக்கு? ஒன்றுமில்லை. லிங்கன் மறுநாள் வெளியிட்ட விடுதலைப் பிரகடனமும் இந்த 48 மாவட்டங்களை விலக்கி வைத்தது. எல்லாருக்கும் விடுதலை என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது 1865 பிப்ரவரி 3-ல்தான், மாநிலம் பிறந்து ஒன்றரை வருஷம் கழித்து.